பாதிச் சரி

பொலிவியா மலைமேட்டில் இருக்கும் எங்கள் விலகாலாவில் ஒருவன் முழு ஆளாவது கல்யாணத்துக்குப் பிறகுதான். அதுவரை அவன் எவ்வளவு உயரம் வளர்ந்திருந்தாலும் பொடியன்தான். ஊர்ப் பொறுப்பு எதுவானாலும், தலைவர் பதவியிலிருந்து வாய்க்கால் தண்ணீர் பங்கிடுவது வரை, புருஷனும் பெண்டாட்டியும் அருகருகே உட்கார்ந்துதான் ஏற்க வேண்டும். இருவரும் சரி என்றால் சரி. ஒருவர் மட்டும் தலையாட்டினால் அதற்கு எங்கள் பக்கத்தில் பாதிச் சரி என்று பெயர். பாதிச் சரியை வைத்துக்கொண்டு சுமை தூக்கும் ஒரு கிழட்டு லாமாவைக்கூட விற்க முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் காசியானோ சோக்கே பல வருஷமாகப் பாதி ஆளாகவே நடமாடிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி செத்துப்போயிருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, அக்காவையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். லியோன்சியா செத்துப்போகவில்லை. அர்ஜென்டினாவில், புவனோஸ் ஐரஸ் நகரத்துப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து ஊரான் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் போனதற்குக் குடியும் காரணமில்லை, வேறொரு ஆளும் காரணமில்லை. விக்கூனாதான் காரணம்.

லாமாவின் ஒன்றுவிட்ட தங்கை என்று அந்தப் பிராணியைச் சொல்லலாம். ஒல்லிக் கழுத்து, இலவங்கப்பட்டை நிறம், யார் சொல்லுக்கும் கட்டுப்படாத புத்தி. அதன் ரோமத்துக்கு ஈடான ரோமம் உலகத்தில் இல்லை என்பதால் எங்கள் அப்பன்மார்கள் காலத்தில் அதைச் சுட்டுத் தள்ளி உரித்து விற்றார்கள். காசியானோவின் அப்பனும் சுட்டவன்தான். கடைசியில் மேட்டுவெளி முழுக்கத் தேடினாலும் ஒரு கூட்டம் தென்படவில்லை. அப்போதுதான் நாடுகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டன. விக்கூனாவின் தோலையோ ரோமத்தையோ எந்த நாடும் எந்த நாட்டுக்கும் விற்கக்கூடாது, வாங்கக்கூடாது. மிச்சமிருந்ததைக் காக்க அரசாங்கம் ஆள் தேடியது.

கல்யாணமான புதிதில், உலர்த்திய உருளைக்கிழங்கு மூட்டையோடு லா பாஸ் சந்தைக்குப் போன காசியானோ, திரும்பி வரும்போது தலையில் பச்சைத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக வந்தான். காவலர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். லியோன்சியா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவனைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாள்.

"தொப்பி நல்லாத்தான் இருக்கு. எந்தக் கை கையெழுத்துப் போட்டுச்சு?"

"வலது கைதான்."

"அப்ப இடது கைக்குச் சேதி சொல்லணும்னு தோணலையா?"

"நல்ல வேலை லியோன்சியா. வேற ஒருத்தன் தட்டிக்கிட்டுப் போயிருப்பான்."

"போயிருக்கட்டுமே" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டாள். ஆனால் மறக்கவில்லை. எங்கள் ஊரில் இது சின்னக் குற்றமில்லை. குடித்துவிட்டு வந்து கத்துகிறவனை மன்னிப்பார்கள், தனியாகச் சரி சொன்னவனை மன்னிப்பது கஷ்டம்.

அதற்காக அவர்கள் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். முதல் சில வருஷங்கள் இருவரும் சேர்ந்தே மேட்டுவெளியில் நடந்தார்கள். கூட்டத்துத் தலைவன் விக்கூனா ஆபத்துக்குக் கொடுக்கும் கீச்சுக் குரலை அவள் அப்படியே எடுப்பாள். சுற்றியுள்ள பெட்டைகள் எல்லாம் கழுத்தை நீட்டித் திரும்பும். அவளும் இவனும் பாறைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் அவன் மேட்டுவெளி முழுக்கத் தேடினான்.

விக்கூனாக்கள் பெருகின. பெருகினால் புல் தின்னாமல் இருக்குமா? ஊரார் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா மேய வேண்டிய ஈரப் புல்வெளியில் அவை மேய்ந்தன. ஊரார் வாயும் பெருகியது. "டேய் காசியானோ, உன் கொழுந்தியாளுங்க ராத்திரி என் புல்லுல விருந்து சாப்பிட்டுப் போயிட்டாளுங்க, கொஞ்சம் கண்டிச்சு வை" என்பார்கள். பிறகு வன இலாகாக்காரர்கள் வந்து, சுடாமல் ரோமம் எடுக்கும் பழைய வழியை மறுபடி ஆரம்பித்தார்கள். ஊரே நீளக் கயிறு பிடித்து, கயிற்றில் வண்ணத் துணிகள் கட்டி, மெல்ல மெல்ல வளைத்துக் கொண்டுவந்து பட்டியில் அடைப்பது. கத்தரித்துவிட்டு உயிரோடு விட்டுவிடுவது. அதற்கு வளைப்பு என்று பெயர். ஊர் முழுக்க வந்து பிடித்தது, கத்தரித்தது, சாக்குகளில் கட்டியது. கட்டிய சாக்குகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டியது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. சுட்டு எடுத்த ரோமமானாலும் வெட்டி எடுத்த ரோமமானாலும் விற்கக்கூடாது.

சாவி காசியானோவிடம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் சாக்குகள் கூடின, எலிகளும் கூடின.

"ஓடுற பிராணிக்கும் காவல் காக்குற, பூட்டி வச்ச கம்பளிக்கும் காவல் காக்குற. நமக்கு யாருய்யா காவல்?" என்று ஒரு நாள் லியோன்சியா கேட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய சித்தி மகள் ஒருத்தி அர்ஜென்டினாவிலிருந்து புதுக் காலணியும் தையல் பட்டறைக் கதைகளுமாக வந்தாள். அவள் திரும்பியபோது லியோன்சியாவும் கூடவே லாரி ஏறினாள். நகரத்தில் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தன் வட்டத் தொப்பியையும், முதுகில் மூட்டை கட்டும் கோடு போட்ட போர்வையையும் மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

"அந்தக் கம்பளி விக்கிற அன்னைக்குச் சொல்லி அனுப்பு, வர்றேன்" என்றாள் லாரியின் மேலிருந்து.

அந்த ஒரு வார்த்தையில்தான் காசியானோ உயிர் வாழ்ந்தான். கட்டிலில் தன் பாதியில் மட்டும் படுத்தான். சாயங்காலக் காற்று கதவை ஆட்டினால் எழுந்து பார்த்தான். முதலில் எப்போதாவது போனில் பேசுவார்கள். ஒரு முறை அவன், "வந்துடு லியோன்சியா" என்றான். அவள், "வித்துடுச்சா?" என்றாள். இல்லை என்றதும், "அப்ப எதுக்குப் போன் பண்ணுற?" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அவனுக்கு அந்த எண்ணைச் சுழற்றக் கை வரவில்லை. எண் மட்டும் மனப்பாடமாக இருந்தது. நடக்கும்போது வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டே நடப்பான், ஜபம் மாதிரி.

வளைப்பு நாளில்தான் அவன் தனிமை ஊருக்கே தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் கயிற்றில் இவ்வளவு நீளம் என்று பங்கு உண்டு. லியோன்சியாவின் பங்கையும் தானே பிடிப்பேன் என்று இவன் இரண்டு கையையும் சிலுவைபோல விரித்துக்கொண்டு நிற்பான். விக்கூனா முட்டாளில்லை. கயிறு தொய்யும் இடத்தைக் கண்டுபிடித்து ஒன்றிரண்டு தாவி ஓடிவிடும். அந்த இடத்துக்குக் காசியானோ வாசல் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் லா பாஸிலிருந்து ஒரு ஜீப் வந்தது. இறங்கியவள் வெளியுறவு அமைச்சகத்தைச் சேர்ந்த சிமேனா அர்சாபே. வயது குறைவு, பேச்சு அதிகம், மலை உயரத்தில் மூச்சு வாங்கியதால் அந்தப் பேச்சும் துண்டு துண்டாக வந்தது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். நாடுகள் மறுபடி கூடுகின்றன, இந்த முறை மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சிலி நாட்டுச் சந்தியாகோவில். ஒப்பந்தத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. அது நடக்காது. ஒரு விதிவிலக்கு கேட்கப்போகிறோம். உயிரோடு பிடித்து, கத்தரித்து, உயிரோடு விட்ட பிராணியின் ரோமத்தை மட்டும் விற்கலாம் என்று.

"சில நாடுங்க ஒத்துக்க மாட்டேங்குது. உங்க கிராமத்து ஜனங்களைக் கேட்டீங்களா, அவங்க வாயால சொல்லட்டும்னு கேக்குறாங்க. அதனால உங்கள்ல ஒருத்தர் எங்ககூட வரணும்."

"சந்தியாகோவா?" என்று ஒரு குரல். "சண்டை போட்டு நம்ம கடற்கரையை எடுத்துக்கிட்டவன் ஊருக்குப் போய்க் கம்பளிக்கு அனுமதி கேக்கணுமா?"

"அனுமதி குடுக்கிறது அவங்க இல்லை, எல்லா நாடும் சேர்ந்து. அவங்க மண்டபம் மட்டும் குடுக்கிறாங்க."

"அதுக்கும் வாடகை கேப்பான்" என்றது அதே குரல். கூட்டம் சிரித்தது.

யார் போவது என்பதில் சண்டையே இல்லை. விக்கூனாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் காசியானோதான். ஆனால் அவன் பாதி ஆள். ஊருக்காக ஒரு வார்த்தை கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அவனுடைய விதவை அண்ணி குமெர்சிந்தா கையைத் தூக்கினாள். "நான் பக்கத்துல உக்கார்றேன் கொழுந்தனாரே. போற வழியில கடலைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

காசியானோ தலையை ஆட்டினான். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. அந்த இடத்துல இன்னொருத்தரை உக்கார வச்சா, அவ வரமாட்டான்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்."

ஊர்த் தலைவரின் மனைவி யூலோஹியா எழுந்தாள். "சரி, பாதியாவே போ. ஆனா ஒண்ணு, அங்க போய் முழுச் சரி சொல்லிட்டு வந்துறாதே. உன்கிட்ட இருக்கிறது பாதிதான்" என்றாள்.

சந்தியாகோ மாநாட்டு மண்டபம் அவனுக்கு ஆச்சரியமாக இருந்ததா என்று கேட்டால், ஒன்றே ஒன்றைத்தான் சொல்வான். உள்ளே காற்றே இல்லை. அத்தனை பெரிய இடத்தில் ஒரு காகிதம்கூட அசையவில்லை. சிமேனாவுக்குப் பின்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவன் லியோன்சியாவின் போர்வையை விரித்து, அதன்மேல் அவளுடைய தொப்பியை வைத்தான். கூர்மூக்குச் சீருடைக்காரன் ஒருவன் வந்து பொருட்களை நாற்காலியில் வைக்கக்கூடாது என்றான்.

"இது பொருள் இல்லை தம்பி. என் வீட்டுக்காரி இடம்."

சீருடைக்காரன் சிமேனாவைப் பார்த்தான். சிமேனா, "எழுதிக்குங்க, எங்க தூதுக்குழு உறுப்பினர், வர்றதுக்குத் தாமதமாகுது" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. காசியானோவுக்கு விளையாட்டில்லை.

பேச்சு நாள் கணக்கில் ஓடியது. ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம் சண்டை. காசியானோ காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பாளரின் குரலைக் கேட்டுக்கொண்டே தன் ஊர் விக்கூனாக்களை மனதில் எண்ணினான். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வடக்கிலிருந்து வந்த ஒரு வெள்ளைத் தாடிக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். ரோமத்தை விற்க விட்டால், சுட்டு எடுத்த ரோமமும் அதோடு கலந்து வரும், எதை எப்படிப் பிரிப்பது என்பது அவர் பயம். நியாயமான பயம்தான், காசியானோவின் அப்பனைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பயப்படுவார்கள். கடைசியில் அவர் தரப்பு ஒரு சமரசம் வைத்தது. ரோமமாக விற்கக்கூடாது, துணியாக நெய்து, ஓரத்தில் நாட்டின் பெயரையும் நெய்துதான் விற்கலாம். இதற்கு அந்தக் கிராமங்கள் சம்மதமா?

சிமேனா திரும்பி, மரியாதைக்கு ‘டோன்’ சேர்த்துக் கிசுகிசுத்தாள். "டோன் காசியானோ, இவ்வளவாவது கிடைச்சுதே. எழுந்து சரின்னு சொல்லுங்க."

காசியானோ எழுந்தான். ஒலிவாங்கி அவன் முன்னால் சிவப்பு விளக்கோடு நின்றது. பக்கத்தில் தொப்பி. சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் லியோன்சியா வருவாள். இத்தனை வருஷமாக வேண்டியது அதைத்தானே? ஆனால் பச்சைத் தொப்பியோடு வந்து நின்ற அந்த நாள் கண்முன் வந்தது.

"இப்ப சொல்ல முடியாது" என்றான். "என் வீட்டுக்காரியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் வெவ்வேறு நேரத்தில் சிரிப்பு எழுந்தது, மொழி போய்ச் சேரும் நேரத்தைப் பொறுத்து. வெள்ளைத் தாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மாநாட்டுத் தலைவர் மணியைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம் என்று சுத்தியலைத் தட்டினார்.

சிமேனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னங்க இது, இத்தனை நாட்டையும் உக்கார வச்சிட்டு..."

"போன் எங்க இருக்கு மேடம்?"

இரண்டு தெரு தள்ளி ஒரு போன் கடை இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, வாய்க்குள் எத்தனையோ முறை சொன்ன எண்ணை அவன் பல வருஷங்களுக்குப் பிறகு விரலால் சொன்னான். பட்டறைக்காரர் எடுத்தார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம். பிறகு அவள் மூச்சு. பேசுவதற்கு முன்னாலேயே அது அவள்தான் என்று தெரிந்துவிட்டது.

"யாரு செத்துட்டா?" என்றாள்.

"யாரும் சாகலை. நான் சந்தியாகோவுல இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னான். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு, பாறைக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு.

"ஏய்யா, அத்தனை நாட்டுக்காரனையும் பட்டினி போட்டுட்டுப் பொண்டாட்டியைக் கேக்க வந்தியா?"

"பட்டினி இல்லை, சாப்பிடப் போயிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னைக்குக் கேக்காமக் கையெழுத்துப் போட்டேன். இன்னைக்குக் கேக்கிறேன்."

சிரிப்பு நின்றது.

"துணின்னா துணியாவே இருக்கட்டும். என் பாதியும் சரி" என்றாள் மெதுவாக.

"அப்ப நீ வருவியா? வித்தா வர்றேன்னு சொன்ன."

"சொன்னேன். அப்ப சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு காசியானோ. உன்னைப் பிடிக்காமப் போகலை. அந்தக் காத்துதான் பிடிக்கலை. இங்க எனக்குன்னு ஒரு அறை இருக்கு, ஜன்னல்ல ஒரு செடி இருக்கு. சொந்தமா ஒரு மெஷின் வாங்கிட்டேன். அதை விட்டுட்டு வான்னு சொல்லாதே."

காலையிலிருந்து மண்டபத்தில் கேட்டுக்கொண்டிருந்த விதிவிலக்குப் பேச்சு அவன் வாயில் வந்தது. "முழுசா வர வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை, வளைப்புக்கு மட்டும். கயிறு பிடிச்சிட்டுப் போயிடு. நான் தடுக்க மாட்டேன்."

பட்டறைக்காரர் பின்னாலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். "பாக்கலாம்" என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் தெருவில் நடந்து திரும்பும்போது அந்த ஒரு "பாக்கலாம்" என்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் வருவேன் என்பது எவ்வளவு, மாட்டேன் என்பது எவ்வளவு?

மண்டப வாசலில் சிமேனா ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "என்ன மாயம் பண்ணுனீங்க! நீங்க வேணும்னே இழுத்தடிக்கிறீங்கன்னு நினைச்சிட்டாங்க. பொலிவியா வெளியேறப்போகுது, கையில வேற ஏதோ வச்சிருக்குன்னு தாழ்வாரம் பூரா அதே பேச்சு. இறங்கி வந்துட்டாங்க. துணியும் விக்கலாம், ரோமமாவும் விக்கலாம்! பூட்டி வச்ச சாக்கு எல்லாமே!"

காசியானோ சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"நான் அவகிட்டத் துணிக்குத்தானே கேட்டேன்? இது வேற கேள்வியாச்சே."

"டோன் காசியானோ! காலையில சொன்னதைவிடக் கூடக் குடுக்கிறாங்க. அதுக்கும் போய் யாராவது அனுமதி கேப்பாங்களா?"

"கேக்கலைன்னுதான் மேடம் அவ போனா."

கூட்டம் ஆரம்பிக்கும் மணி அடித்துக்கொண்டிருக்க, சிமேனா தானே அவனைப் போன் கடைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். பட்டறைக்காரர் எடுத்தார். லியோன்சியா இல்லை என்றார். முன்னால் போன் வந்ததுமே மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனவள்தான், எங்கே என்று தெரியாது, வந்தால் அவருக்கும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

"அவகிட்டச் சொல்லுங்க. ரோமமாவும் விக்கலாமாம். அவ பாதி பாக்கி இருக்குன்னு சொல்லுங்க."

"பாக்கியா? எவ்வளவு பாக்கி?"

"பாதி" என்றான் காசியானோ. கடன் வசூலிக்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டு பட்டறைக்காரர் போனை வைத்தார்.

மறுபடி சிவப்பு விளக்கு, மறுபடி ஒலிவாங்கி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைத் தாடிக்காரர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். காசியானோ போர்வையின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டு பேசினான்.

"துணிக்கு ரெண்டு பேரும் சரி சொல்லிட்டோம். ரோமத்துக்கு என் பாதி சரி. மறுபாதி வந்து சொல்லும்."

மொழிபெயர்ப்பாளர் இதை என்ன செய்தாரோ தெரியாது. சுத்தியல் விழுந்தது, கை தட்டினார்கள், சிமேனா அழுதுகொண்டே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைத் தாடிக்காரர் வந்து கை குலுக்கினார். போகும்போது, காலி நாற்காலியில் இருந்த தொப்பியைப் பார்த்துத் தலையைக் குனிந்து ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார்.

ஊரில் அவனைத் தோளில் தூக்கவில்லை. யூலோஹியா முதலில் கேட்டது, "பாதிதானே சொன்ன?" என்றுதான். பாதிதான் என்றான். "அப்ப அந்த அறையைத் திறக்காதே" என்றாள். உலகமே விற்கலாம் என்று சொன்ன பிறகும் விலகாலாவில் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. லா பாஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஊரிலும் சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் சாவியைக் கேட்டு ஒருவரும் அவன் வீட்டுக்கு வரவில்லை.

அவள் செய்தி எதுவும் அனுப்பவில்லை. மழை வந்தது, போனது. உறைபனி வந்தது. காசியானோ காவலுக்குப் போனான், வந்தான். புவனோஸ் ஐரஸில் ஜன்னலோரம் ஒரு செடி இருக்கிறது என்று அவனுக்கு இப்போது தெரியும். அது பூப்பதா, இலை மட்டுமா என்று கேட்காமல் விட்டோமே என்று வருந்தினான். இவ்வளவு வயதான மனுஷன் ஒரு தொட்டிச் செடியை நினைத்து ஏங்குவதை யாரிடம் சொல்ல முடியும்? சில நாள் அந்தச் செடியின்மேல் பொறாமையும் வந்தது.

வளைப்பு நாள் வந்தது. விடிகாலையில் கோக்கா இலையையும் சாராயத்தையும் மண்ணுக்குப் படைத்துவிட்டு, ஊர் கயிற்றோடு வரிசையாகப் பரவியது. காசியானோ வழக்கம்போல இரண்டு கையையும் விரித்துத் தன் இடத்தில் நின்றான். "வாசலைத் திறந்து வச்சாச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். அப்போது சாலைப் பக்கம் ஒரு லாரி நின்று போகும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. கூட்டம் வளைந்து வருகிற நேரத்தில் திரும்பக்கூடாது. காலடிச் சத்தம் புல்லில் ஓடி வந்து நெருங்கியது. இடது கையிலிருந்த கயிற்றை ஒரு கை பிடுங்கியது.

"நகரு. இது என் பங்கு."

நகரத்துக் காற்சட்டை, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், முகம் கொஞ்சம் பருத்திருந்தது. அவள்தான். மேட்டிலிருந்து கூட்டம் புழுதியோடு வந்தது. முன்னால் வந்த ஆண் விக்கூனா, பழைய ஞாபகமோ என்னவோ, நேராகக் காசியானோ வாசலுக்கே வந்தது. லியோன்சியா உதட்டைக் குவித்து அந்தக் கீச்சுக் குரலைக் கொடுத்தாள். அது திடுக்கிட்டு நின்று திரும்பியது. அந்த வருஷம் அந்தப் பக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பட்டியில் கத்தரிப்பு நடக்கும்போது ஊர்த் தலைவரும் யூலோஹியாவும் வந்து நின்றார்கள். லியோன்சியா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பட்டறைக்காரன் என்னைக் கடன்காரின்னு நினைச்சிட்டான்" என்றாள். "பாதி பாக்கின்னு சேதி வந்துச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ரோமத்துக்கும் சரி. என் பாதியும் சரி."

யூலோஹியா காசியானோவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். பல வருஷத்துப் பூட்டைத் திறக்கப் பாதி ஊர் ஓடியது.

இருவரும் தனியாக நின்றார்கள். அவன் கேட்டான், "அன்னைக்கு ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப எங்க போயிருந்த?"

"தெருவுல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கிறியேன்னு கோவம். கேட்டுட்டியேன்னு அழுகை. ஒரு முழுக் காற்சட்டையைத் தப்பாத் தச்சு வச்சிருந்தேன், அதுக்கும் சேர்த்து."

கத்தரித்த விக்கூனா ஒன்றைப் பட்டிக்கு வெளியே விட்டார்கள். அது ஒரு கணம் நம்பாமல் நின்றது, பிறகு வெளியைப் பார்த்து ஓடியது. லியோன்சியா சிரித்தாள். "நாளைக்கு மறுநாள் லாரி. என்னையும் ரோமத்தை வெட்டிக்கிட்டு இப்படியே விட்டுடணும், சொல்லிட்டேன்."

அவனால் சிரிக்க முடியவில்லை. இரு என்று சொல்ல வாய் துடித்தது. தடுக்க மாட்டேன் என்று கொடுத்த வார்த்தை தடுத்தது. "இந்தச் சரி இந்த வருஷத்து ரோமத்துக்குத்தானே? அடுத்த வருஷத்து ரோமத்துக்கு?" என்றான்.

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். ஒப்பந்தக்காரர்கள் யாரும் அப்படி ஒரு நிபந்தனை வைக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"அதை இப்பவே எப்படிச் சொல்றது? அடுத்த வருஷம் வந்துதான் சொல்லணும்."

லாரி வந்த அன்று காற்று கடுமையாக வீசியது. அவன் போர்வையையும் தொப்பியையும் மடித்து அவளிடம் கொடுத்தான். அவள் தொப்பியை மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், நகரத்தில் யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று. போர்வையைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்துவிட்டு லாரியில் ஏறினாள்.